அப்பா கையில் அந்தத் தடி

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய படம் ஒன்றை மறுபடி எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் ரசிகன் படும் பாடு இருக்கிறதே, அது பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்காரன் பாடு. சந்தோஷமும் இருக்கும், வயிற்றில் புளியும் கரையும். எனக்கு அப்படிப் புளி கரைவது ஒரு ஓநாயால். ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ 1941-இல் எடுத்த ‘தி வுல்ஃப் மேன்’ படத்தைத்தான் சொல்கிறேன். கறுப்பு வெள்ளை. 70 நிமிடம்தான் ஓடும். நம் படங்களில் இடைவேளை வருவதற்குள் அது முடிந்தே போய்விடும்.

பார்க்காதவர்களுக்காகக் கதை. லாரி டால்பட் என்றொருவன். அண்ணன் இறந்த பிறகு, 18 வருடம் கழித்து, பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இருக்கும் அப்பா வீட்டுக்குத் திரும்புகிறான். ஊரில் ஒரு கடையில், வெள்ளியில் ஓநாய்த் தலை வைத்த கைத்தடி ஒன்றை வாங்குகிறான். கடையில் இருக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கத்தான் அந்த வியாபாரமே, அது வேறு விஷயம். அன்றிரவு காட்டில் ஒரு பெண்ணின் மேல் ஓநாய் பாய்கிறது. அந்தத் தடியாலேயே அதை அடித்துக் கொல்கிறான், கடியும் வாங்குகிறான். பிறகு பார்த்தால் அங்கே கிடப்பது ஊர் ஊராய்ச் சுற்றும் ஜிப்ஸி ஒருவனின் பிணம்; ஓநாயாக வந்தவன் அவன்தான். கடிபட்டவனும் இனி ஓநாய்தான்.

இந்தப் படத்தை மறுபடி எடுக்கிறார்கள் என்றதும் ரசிகர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: முடி ஒட்டுவார்களா, கம்ப்யூட்டரில் வரைவார்களா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1941-இல் ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ், யாக் மாட்டின் முடியைக் கொத்துக் கொத்தாகப் பசை வைத்து நடிகரின் முகத்தில் ஒட்டி, சூட்டுக்கோலால் பொசுக்கிச் சரிசெய்வார். ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் ஆகும். 40 வருடம் கழித்து, 1981-இல், ஜான் லாண்டிஸ் எடுத்த ‘ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்’ வந்தது. அதில் ரிக் பேக்கர், விளக்கு எரியும் ஒரு சாதாரண வீட்டு அறையில், எதையும் இருட்டில் ஒளிக்காமல், ஒருவனுடைய கையையும் முதுகையும் தாடையையும் கண்முன்னே இழுத்து நீட்டிக் காட்டினார். ஆஸ்கரில் ஒப்பனைக்கென்று தனிப் பிரிவு தொடங்கியபோது முதல் பரிசு அவருக்குத்தான். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் பொம்மையாகத்தான் தெரியும்.

அதனால்தான் 2010-இல் ‘தி வுல்ஃப்மேன்’ வருகிறது, ஒப்பனை அதே ரிக் பேக்கர் என்றதும் எங்களுக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. கதாநாயகன் பெனிசியோ டெல் டோரோ. அவரே பழைய படத்தின் பக்தர், தயாரிப்பிலும் பங்கு. ரசிகனே எடுக்கிறான், இனி என்ன கவலை என்று இருந்தோம். படப்பிடிப்புக்குச் சில வாரம் இருக்கும்போது இயக்குநர் விலகிப் போனார். ஜோ ஜான்ஸ்டன் வந்தார். வெளியீட்டுத் தேதி தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் பார்த்தால், முழு ஓநாய் முகத்துக்குப் பேக்கரின் முடி இருந்தது. ஆள் ஓநாயாகும் அந்த நிமிடங்கள் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை. பேக்கருக்கு ஆஸ்கர் கிடைத்தது. சுமார் 15 கோடி டாலர் போட்ட படம், வசூலில் அதைக்கூடத் தொடவில்லை.

சரி, இதுவரை நான் ரசிகர் கட்சி. இனிமேல் கொஞ்சம் கட்சி மாறப்போகிறேன்.

ரசிகர்கள் காவல் காக்கும் சொத்தில் பாதி, மூலப் படத்தில் கிடையவே கிடையாது. பௌர்ணமியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓநாய் மனிதன் என்றால் பௌர்ணமி, இதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் 1941 படத்தில் வரும் பாட்டு என்ன சொல்கிறது? மனசு சுத்தமான ஆள்கூட, ஓநாய்க்கொல்லிச் செடி பூத்து, இலையுதிர்கால நிலா பளிச்சென்று இருக்கும்போது ஓநாயாகலாம் என்கிறது. முழு நிலா என்ற பேச்சே இல்லை. அந்தச் செடி நம் சித்த மருத்துவத்தில் வரும் வச்சநாவிக்குச் சொந்தக்காரச் செடி; விஷம்தான். ‘முழு நிலா’ என்று பாட்டை மாற்றியது 1943-இல் வந்த அடுத்த படம். அந்தப் பாட்டும் ஏதோ பாட்டி காலத்துப் பழமொழி என்று பலர் நம்புகிறார்கள். அதை எழுதியவர் படத்தின் கதாசிரியர் கர்ட் சியோட்மாக், நாஜிகளுக்குத் தப்பி ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். அடுத்துச் சாகப்போகிறவரின் உள்ளங்கையில் ஓநாய்க்கு மட்டும் ஒரு நட்சத்திரம் தெரியும் என்று எழுதியவரும் அவர்தான். படம் வெளியானது டிசம்பர் 12. அமெரிக்கக் கடற்படைத் தளம் பேர்ல் ஹார்பரில் ஜப்பான் குண்டு விழுந்து ஐந்தே நாள். அந்த நட்சத்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேறு நட்சத்திரம் ஞாபகம் வரும், நாஜிகள் யூதர்களின் சட்டையில் தைக்க வைத்த நட்சத்திரம்.

இன்னும் கேளுங்கள். ஜிப்ஸி ஓநாயானால் நான்கு கால் ஓநாய். லாரி ஓநாயானால் இரண்டு கால், சட்டை பேண்ட்டோடு நடக்கிறான். ஏன் என்று படம் சொல்லாது. மாறும்போது வெள்ளை பனியனில் உட்கார்ந்திருப்பான், அடுத்த காட்சியில் கறுப்புச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டு! ஓநாய்க்குப் பொத்தான் போட்டுவிட்டது யார்? முகம் மாறுவதுகூட அப்போது காட்டப்படுவதில்லை. ஷூவைக் கழற்றுகிறான், சாக்ஸைக் கழற்றுகிறான், பாதத்தில் முடி முளைக்கிறது, அவ்வளவுதான்.

ஆக, முடி, நிலா இரண்டும் எப்படி இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. நான் பயப்படுவது கடைசிப் பத்து நிமிடத்துக்கு.

அப்பா சர் ஜானாக கிளாட் ரெய்ன்ஸ். படித்தவர், மகனுக்கு ஏதோ மனப்பிரமை என்று நினைக்கிறார். சரியாகட்டும் என்று மகனை நாற்காலியில் கட்டிவைத்துவிட்டு வேட்டைக்காரர்களோடு கிளம்புகிறார். அப்போது லாரி கெஞ்சுகிறான்: இந்தத் தடியைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். படத்தின் கணக்குப்படி ஓநாய் மனிதன் சாவது வெள்ளிக்குத்தான். அப்பா அதை நம்பி எடுப்பதில்லை, மகன் மனம் அமைதியாகட்டும் என்று எடுத்துக்கொள்கிறார். பிறகு காட்டில் புகைமூட்டத்துக்குள் ஒரு மிருகம் அவர்மேல் பாய்கிறது. அடிக்கிறார், திரும்பத் திரும்ப அடிக்கிறார். ஓய்ந்து குனிந்து பார்த்தால், அந்த முகத்தில் முடி மெல்ல மெல்ல மறைகிறது. முகம் மாறுவதைப் படம் நமக்குக் காட்டுவது அந்த ஓர் இடத்தில்தான்.

லாரியாக நடித்த லான் சேனி ஜூனியர், மௌனப் படங்களின் மகா நடிகர் லான் சேனியின் மகன். கிரைட்டன் என்ற தன் பெயரை விட்டு, அப்பா இறந்த பிறகு அவர் பெயரைச் சுமந்தவர். அந்தக் கெஞ்சலைக் கேட்கும்போது இது தெரிந்திருந்தால் இன்னும் கனக்கும்.

1981 படத்துக்காரருக்கு இது புரிந்திருந்தது. அதில் கதாநாயகன் இந்தப் பழைய படத்தைப் பற்றிப் பேசுகிறான். ஓநாய் மனிதனை அவன்மேல் பிரியம் வைத்தவரால்தான் கொல்ல முடியும் போல என்கிறான். 2010-இல் பெரும் பணம் போட்டவர்களோ, அப்பாவையும் ஓநாயாக்கி, ஆன்டனி ஹாப்கின்ஸைச் சட்டையைக் கிழித்துக்கொண்டு மகனோடு சண்டை போட வைத்தார்கள். கையில் தடியோடு ஒன்றும் அறியாமல் நின்ற மனிதனை வில்லனாக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டரை மன்னித்துவிட்டேன். இதை இன்னும் மன்னிக்கவில்லை.

2025-இல் லீ வானெல் எடுத்த ‘வுல்ஃப் மேன்’ படத்தில் முடி குறைவு, வெள்ளியும் பௌர்ணமியும் இல்லை. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். எனக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் ஓரிடம். கணவன் மாறிக்கொண்டிருக்கிறான், மனைவி அவனிடம் பேசுகிறாள். காமிரா அவள் பக்கமிருந்து அவன் பக்கம் வந்ததும், அவள் பேச்சு வெறும் ஒலியாகிவிடுகிறது. ஒரு வார்த்தை புரியவில்லை அவனுக்கு. யாக் முடி ஒன்றுகூட இல்லாமல், அந்தப் பழைய நாற்காலிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள் அங்கே.

அடுத்த முறையும் எடுப்பார்கள், விடமாட்டார்கள். செய்தி வந்தால் நண்பர்கள் ஓநாயாக யார் நடிக்கிறார் என்று தேடுவார்கள். நான் அப்பாவாக யார் என்றுதான் பார்ப்பேன்.

நன்றி, வணக்கம்.