நேருவின் மனமும் மாநிலங்களின் உரிமையும்

அவைத்தலைவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நமது அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பு இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்று சொல்கிறதே தவிர, கூட்டாட்சி என்று சொல்லவில்லை. ஒரு மாநிலத்தின் எல்லையை மாற்ற அதன் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டாலே போதும், இசைவு தேவையில்லை என்கிறது 3-ஆம் உறுப்பு. இவ்வளவு தூரம் மையத்தின் பக்கம் சாய்ந்த சட்டத்தில், மாநிலங்களுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பதைப் பிரதமராக இருப்பவரின் மனப்போக்கே பெரும்பாலும் முடிவு செய்கிறது. நேருவின் காலத்தை அந்தக் கண்ணோடு பார்க்க விரும்புகிறேன்.

1947 அக்டோபர் தொடங்கிப் பதினாறு ஆண்டுகள், பெரும்பாலும் பதினைந்து நாளுக்கு ஒன்றாக, அவர் மாநில ஆட்சித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். உணவுப் பற்றாக்குறை, அகதிகள், மத நல்லிணக்கம், அயலுறவு என எல்லாவற்றையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார். எந்தச் சட்டமும் இதைக் கோரவில்லை. மாநிலத் தலைவர்களைப் பணியாளர்களாகக் கருதாமல் நாட்டை உடன் நடத்துபவர்களாகக் கருதிய பண்பு அது.

ஆனால் அதே மனிதருக்குத் திட்டமிடலில் அளவற்ற நம்பிக்கை இருந்தது. 1950-இல் வெறும் அமைச்சரவைத் தீர்மானத்தால், ஐந்தாண்டுத் திட்டங்களை வகுக்கும் திட்டக்குழு பிறந்தது. அதன் தலைவராகப் பிரதமரே இருந்தார். நிதிப் பகிர்வுக்கென்று அரசமைப்பே நிதிக்குழுவை வகுத்திருந்தும், திட்ட நிதிக்காக மாநிலங்கள் டெல்லியில் காத்திருக்கும் வழக்கம் இங்குதான் தொடங்கியது. அன்போடு கடிதம் எழுதிய கைதான் பணப்பையின் கயிற்றையும் இறுகப் பிடித்திருந்தது.

மொழிவழி மாநிலங்களை அவர் அஞ்சினார். பிரிவினையின் காயம் ஆறாத நாட்டில் அந்த அச்சம் புரிந்துகொள்ளக்கூடியதே. அவரும் பட்டேலும் காங்கிரஸ் தலைவர் பட்டாபி சீதாராமய்யாவும் அடங்கிய குழு 1949-இல் அக்கோரிக்கையைத் தள்ளிப்போடவே சொன்னது. 1952 டிசம்பர் 15 அன்று பொட்டி ஸ்ரீராமுலு தெலுங்கு பேசுவோருக்குத் தனி மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தார். சில நாள்களிலேயே ஆந்திர மாநிலம் அறிவிக்கப்பட்டது. 1956-இல் இந்திய வரைபடமே மொழிவழி மாற்றி வரையப்பட்டது. ஓர் உயிர் போகும்வரை தாமதித்ததை நான் மன்னிக்கமாட்டேன். ஆயினும், தமக்கு உவப்பில்லாத கோரிக்கைக்கு இறுதியில் இணங்கியது மக்களாட்சிப் பண்புதான் என்பதை மறுக்கவும் முடியாது.

அந்தப் பண்பு 1959 ஜூலை 31 அன்று தோற்றது. பேரவையில் பெரும்பான்மை இருந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கேரள அரசு 356-ஆம் உறுப்பின்கீழ் கலைக்கப்பட்டது. நேரு தயங்கினார் என்பார்கள். தயக்கத்தோடு போட்ட வழி, பின்வந்தவர்களுக்குத் தயக்கமே தேவைப்படாத நெடுஞ்சாலையானது. 1977-இலும் 1980-இலும் தலா ஒன்பது மாநில அரசுகள் ஒரே வீச்சில் கலைக்கப்பட்டன. 1994-இல் எஸ்.ஆர். பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்த பிறகே அதற்குக் கடிவாளம் கிடைத்தது.

நமக்கு மிக அருகிலுள்ள கதை மொழி. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆட்சிப் பயன்பாட்டில் ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இல் நேரு நாடாளுமன்றத்தில் உறுதியளித்தார். 1963-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமோ ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்றே சொன்னது. ‘தொடரும்’ என்று சொல்லவில்லை. அவர் இருந்தவரை அந்தச் சொல்லின் இடைவெளியை அவரது நாணயம் நிரப்பியது. 1964 மே மாதம் அவர் மறைந்தார்; எட்டே மாதங்களில் தமிழகம் பற்றியெரிந்தது. 1967-இல் நிறைவேறிய திருத்தம்தான், இந்தியை ஏற்காத மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் தீர்மானம் இயற்றாமல் ஆங்கிலத்தை அகற்ற இயலாது என்று எழுத்தில் வைத்தது.