பச்சை இலையில் கத்தரிக்கோல் வைக்காதீர்கள்!

வணக்கம் உறவுகளே! நேற்றிரவு கனடாவில் எங்கள் ஸ்காபரோவில் உறைபனி விழுந்துவிட்டது. நான் எவ்வளவு ஆவலோடு காத்திருந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். செப்டம்பரிலிருந்து எந்த வீடியோ போட்டாலும் கீழே ஒரே கேள்விதான்: "அண்ணா, ஹோஸ்டாவை வெட்டலாமா?" ஹோஸ்டா என்றால் இலை அழகுக்காக நிழலில் வளர்க்கும் செடி. உறைபனி விழும்வரை பொறுங்கள், பொறுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இதற்கிடையில் ஒரு கடையில் செடி விற்பவரே, "செப்டம்பரில் வெட்டிவிடுங்கள், வளவு துப்புரவாக இருக்கும்" என்று ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இலை பச்சையாக இருக்கும் வரைக்கும் வேருக்குச் சாப்பாடு அனுப்புகிறது ஐயா! அடுத்த வசந்தத்தில் முளை தடித்து வருவது அந்தச் சேமிப்பில்தான்.

இதோ, கமராவைக் கிட்டக் கொண்டுபோகிறேன். இது 'சம் அண்ட் சப்ஸ்டன்ஸ்' என்ற ஹோஸ்டா வகை. கோடையில் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிய இலைகள். இப்போது அவித்த கீரைபோலத் துவண்டு மண்ணில் படுத்திருக்கின்றன. இழுத்தால் காம்போடு கையில் வருகிறது, பாருங்கள். வராதவற்றை மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு வெட்டுகிறேன். இலைகளை அங்கேயே மக்க விடாதீர்கள். ஓடில்லா நத்தைக்கும் அதன் முட்டைக்கும் அதைவிட நல்ல மறைவிடம் கிடையாது. எனக்கு இந்த உலகத்தில் பிடிக்காத ஜீவன் அதுதான்!

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். வெட்டத் தொடங்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது கத்தரியைக் கழுவுங்கள். ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீர். 'ஹோஸ்டா வைரஸ் எக்ஸ்' என்ற நோய் செடியின் சாற்றால்தான் பரவுகிறது. வந்தால் மருந்தே இல்லை. பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

இனி சந்தோஷமான விஷயம். மூடாக்குக்கு, அதாவது செடியைச் சுற்றி மண்ணை மூடிப் போட, பைன் மரப்பட்டை வாங்கினேன். பை 6 டொலர் விற்றது, 2 டொலருக்குக் கிடைத்தது! பையின் மூலையில் சின்னக் கிழிசல், அவ்வளவுதான். இந்தப் பக்கம் பாருங்கள், விரல்கூட நுழையாது. உள்ளே பட்டை காய்ந்து, நல்ல வாசத்தோடு இருக்கிறது. கடையில் இருந்த கிழிந்த பைகள் அத்தனையையும் ஏற்றிவந்தேன், காரின் பின்சீட்டையும் மடித்துப் போட்டுத்தான். வசந்தத்தில் இதே பையை 6 டொலருக்குக் குறைந்து தரமாட்டார்கள். வாங்குவதென்றால் இப்போது வாங்குங்கள்!

ஆனால் வாங்கிய கையோடு கொட்டாதீர்கள். மண் உறைவதற்கு முன் மூடாக்குப் போட்டால் வயல் எலி அதற்குள் குடியேறி, குளிர்காலம் முழுக்கக் கிழங்கைக் கொறிக்கும். இந்த ஊர்க் குளிரை ஹோஸ்டா தாங்கும். மண் உறைந்தும் இளகியும் செடியை மேலே தள்ளிவிடாமல் இருக்கத்தான் மூடாக்கு. நட்ட நடுவில், முளை வரும் இடத்தில் குவிக்கவும் வேண்டாம்.

தொட்டியில் இருக்கும் என் 'ஜூன்' வகை ஹோஸ்டா கராஜுக்குப் போகிறது. ஹீட்டர் இல்லாத கராஜ். வீட்டுக்குள் வைக்கலாமா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். வேண்டாம் தங்கச்சி, குளிரில் தூங்கி எழும்பினால்தான் அது ஒழுங்காக முளைக்கும். மண் முற்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் காட்டுங்கள்.

மண்வெட்டியால் தட்டினால் தரை 'டங்' என்று சொல்லும் நாளில் மூடாக்குப் போடுவோம். அதுவரை பைகள் கராஜில்தான்.