உப்புக் காற்றில் ஒரு லேன் கேபிள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாம்பனிலோ தொண்டியிலோ கீழக்கரையிலோ வீடு உள்ளவர்களுக்கு உப்புக் காற்றைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. சன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கிறோம், கேட்டின் கீலுக்கு எண்ணெய் விடுகிறோம். அதே காற்று கணினியின் முதுகில் செருகியிருக்கும் இணைய வயரையும் தின்கிறது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான். வைஃபையைப் பற்றி அல்ல. ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராக வரும் வயர், கடையில் லேன் கேபிள் என்று கேட்டு வாங்குகிறோமே, அது.

இணைப்பு அடியோடு செத்துவிட்டால் காரணம் கண்டுபிடிப்பது எளிது. விட்டுவிட்டு வருவதுதான் ஆளைப் பாடாய்ப் படுத்தும். பலரும் பதற்றத்தில் ரவுட்டரையும் கணினியையும் அணைத்துப் போட்டு, கூடவே வயரையும் பிடுங்கிச் செருகுகிறார்கள். இணைப்பு வந்துவிடுகிறது, எதனால் வந்தது என்று மட்டும் தெரிவதில்லை. மறுநாள் மீண்டும் போகிறது. ஆகவே ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிவிட்டுப் பொறுத்திருந்து பாருங்கள்.

கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பிரித்தாக வேண்டும். இணைப்பு போன அந்த நேரத்திலேயே, கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, உங்கள் ரவுட்டரின் வைஃபையில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். அதிலும் வராவிட்டால் ரவுட்டரையோ வெளியே இருந்து வரும் இணைப்பையோ சந்தேகிக்கலாம். கைபேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் குற்றம் வயரில் இருக்கிறது, அல்லது ரவுட்டரில் வயர் செருகிய துளையில், அல்லது கணினியில் இருக்கிறது.

விண்டோஸ் கணினியில் கட்டளை எழுதும் கறுப்புத் திரை ஒன்று உண்டு, கமாண்ட் பிராம்ப்ட் என்று பெயர். அதில் பிங் என்று எழுத வேண்டும். பேப்பருக்கு வரும் பி, பிறகு ஐ, என், ஜி, நான்கு ஆங்கில எழுத்துகள். ஓர் இடைவெளி விட்டு ரவுட்டரின் முகவரி. பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அது இருக்கும். மீண்டும் ஓர் இடைவெளி, ஒரு கழித்தல் குறி, அதை ஒட்டி டெலிபோனுக்கு வரும் டி என்ற எழுத்து. இனி கணினி ரவுட்டரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். எல்லாக் கூப்பாட்டுக்கும் பதில் வந்தால் வீட்டு வயர் பெரும்பாலும் நலம். நடுநடுவே பதில் தவறினால் வயரைக் கவனியுங்கள். வேறு ஒரு நல்ல வயரைப் போட்டுப் பாருங்கள். அதன் பிறகுதான் ரவுட்டரில் வேறு துளையில் செருகிப் பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள்.

தங்கச்சிமடத்தில் ஒரு வீடு. ரவுட்டர் கீழே, கணினி மாடியில். பகலெல்லாம் இணைப்பு ஒழுங்காக இருக்கும். பொழுது சாய்ந்தால் துண்டு துண்டாக அறுந்துபோகும். அந்த வீட்டுப் பெண் கல்லூரிப் பாடம் படிப்பதே இரவில்தான். ரவுட்டரை மாற்றினார்கள். கணினியைக் கடைக்குத் தூக்கிப் போய் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் ஊழியர் வருவது உச்சி வெயிலில். அப்போது ஒரு குறையும் இருக்காது. சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் சொன்னது பொய்யும் அல்ல.

நான் போய் வயரைத் தடவிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். சன்ஷேடுக்கு அடியில் இரண்டு வயர்களை ஒட்டுப்போட்டு, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பை உரித்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. பித்தளைப் பாத்திரத்தில் பூக்குமே, அதே களிம்பு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். அடைமழை நாளில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். பகல் வெயிலில் அந்த ஒட்டு காய்ந்து கிடந்தது. மாலையில் கடல் ஈரம் ஏறியதும் உப்பு நீராகி, பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளுக்கு இடையே மின்சாரத்தைக் கசியவிட்டது. ஒட்டே இல்லாத ஒரே வயராக இழுத்துக் கொடுத்தோம். அத்தோடு தொல்லை தீர்ந்தது.

காரைக்குடியின் சிக்ரி நிறுவனம், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபம் ஊரில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அரிப்புக்கு அவ்வளவு பேர்போன கரை இது. 2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகும் தனிப் பூச்சும் தேவைப்பட்டன. உங்கள் லேன் பிளக்கில் இருப்பதோ எட்டு சின்னஞ்சிறு தகடுகள்; அவற்றின் மேல் தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய தங்க முலாம். அதை உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள், முலாம் போய்விடும். களிம்பு பிடித்திருந்தால் முனையை வெட்டிப் புது பிளக் போடச் சொல்லுங்கள். பிளக்கின் விலை அற்பம்.

இன்னொன்று. உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1000 என்றால் நான்கும் வேண்டும். அதனால் அந்த இரண்டு ஜோடிகளில் சேராத ஒரு கம்பி அரித்துப் போனாலும் பல கருவிகள் வேகத்தை 100க்கு இறக்கிக்கொண்டு ஓடும். திடீரென்று வேகம் படுத்துவிட்டது என்றால் முனைகளைப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், முதலில் முனைகளைப் பாருங்கள்.

வாங்கும்போது முழுச் செம்பு வயரா என்று கேளுங்கள். கம்பியைக் கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அலுமினியம் விரைவில் அரித்துப்போகும். நம் கரைக்கு அது ஆகாது.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். கணினியின் அமைப்புகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மின்சாரம் மிச்சப்படுத்துவதற்காக லேன் வயர் செருகும் நெட்வொர்க் கார்டைக் கணினி தானே அணைத்துக்கொள்ளும் வசதி விண்டோஸில் உண்டு. வயர் நன்றாக இருந்தும் இணைப்பு அறுந்தால் அதை நிறுத்திப் பாருங்கள். வெளிச்சுவர் வழியாக வரும் வயர், வீட்டுக்குள் நுழையும் முன் துளைக்குக் கீழே சற்றுத் தொங்கி வளைந்து ஏறட்டும். வாடைக்காலத்து மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். இடி கேட்கும் முன்பே, மேகம் கறுக்கும்போதே அந்த வயரை இரண்டு முனையிலும் கழற்றிவிடுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பிறகு அதைத் தொட வேண்டாம். வணக்கம்.