சவரக்கடையில் சிரித்தார்கள்

வணக்கம் நேயர்களே. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சவரக்கடைக்குள் ஆறரை அடிக்குக் கொஞ்சம் குறைவான ஒரு நெட்டை மனிதர் தலையை நீட்டி, "நான் மோ யூடால், ஜனாதிபதி தேர்தலில் நிற்கிறேன்" என்றாராம். முடி வெட்டுகிறவர் கையை நிறுத்தாமல், "தெரியும், இப்போதுதான் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்" என்றாராம். இதை எதிராளி யாரும் பரப்பவில்லை. யூடாலே போகிற மேடையெல்லாம் சொன்னது.

அரிசோனாக்காரர். 1961 முதல் 1991 வரை முப்பது வருடம் பிரதிநிதிகள் சபையில் டெமாக்ரட் உறுப்பினர். ஆறு வயதில் ஒரு கண் போய், கண்ணாடிக் கண் வைத்துக்கொண்டவர், அதோடு கூடைப்பந்தும் ஆடி, டென்வர் அணிக்காகச் சம்பளம் வாங்கி விளையாடுகிற அளவுக்கு வந்தவர். "ஒற்றைக் கண், மோர்மன், டெமாக்ரட், அதுவும் பழமைவாத அரிசோனாவிலிருந்து" என்று தன் தகுதிகளைத் தானே அடுக்குவார். மோர்மன் என்பது அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவப் பிரிவு.

1971-இல் சபையில் தன் கட்சியின் தலைமைப் பதவி ஒன்றுக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆதரவு தருவதாகச் சொன்னவர்களே ரகசிய வாக்கெடுப்பில் கைவிட்டுவிட்டார்கள். வெளியே வந்து சட்டையில் குத்தியிருந்த 'மோ' பட்டனைத் தலைகீழாகத் திருப்பிக்கொண்டார். ஆங்கிலத்தில் 'எம்', 'ஓ' இரண்டையும் கவிழ்த்தால் 'ஓ', 'டபிள்யூ' ஆகிவிடும், அதாவது நம்ம 'ஐயோ'! அரிசோனா கள்ளிச்செடி நாடு, கட்சிக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'காக்கஸ்', கள்ளிக்கு 'காக்டஸ்'. இரண்டுக்கும் வித்தியாசம் இப்போதுதான் புரிந்தது, கள்ளிக்கு முள் வெளியே இருக்கும் என்றார். அந்த முள்ளுக்கு ஆங்கிலத்தில் இன்னொரு அர்த்தமும் உண்டு, வானொலியில் வேண்டாம், விட்டுவிடுவோம்.

1976-இல் தன் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் யார் என்று முடிவு செய்கிற மாநிலத் தேர்தல்களில் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து நின்றார். மாநிலம் மாநிலமாக இரண்டாவது இடம்தான். விஸ்கான்சினில் மட்டும் ராத்திரி அவர் ஜெயித்துவிட்டதாகத் தொலைக்காட்சியில் அறிவித்துவிட, இவரும் வெற்றி உரை ஆற்றிவிட்டுத் தூங்கப் போக, விடிவதற்குள் கிராமத்து ஓட்டுகள் வந்து கதை மாறிவிட்டது. காலையில் நிருபர்களிடம், நேற்று நான் பேசியதில் 'வென்றவர்' என்று வருகிற இடத்தில் 'தோற்றவர்' என்று திருத்திக்கொள்ளுங்கள் என்றாராம்.

சரி, வெறும் தமாஷ் பேர்வழியா என்றால் அங்கேதான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1967 அக்டோபரில், சொந்த அண்ணன் ஸ்டூவர்ட் யூடால், போரை நடத்திய ஜனாதிபதி ஜான்சனின் அமைச்சரவையில் உட்கார்ந்திருக்கும்போதே, தன் ஊரான டூசானுக்குப் போய் வியட்நாம் போர் தப்பு என்று மேடையில் சொன்னார். தன்னைக் கேலி செய்துகொள்கிறவனுக்கு இந்த மாதிரி நேரத்தில் மானம் போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம் குறைவு என்று நினைக்கிறேன். அலாஸ்காவில் பத்துக் கோடி ஏக்கருக்கு மேல் காட்டையும் மலையையும் பாதுகாக்கிற சட்டத்துக்காக வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். 1980 டிசம்பரில் அதில் கையெழுத்துப் போட்டவர், தன்னைத் தோற்கடித்த அதே கார்ட்டர்.

அப்புறம் பார்க்கின்சன் நோய் வந்தது. 1991-இல் பதவி விலகி, வாஷிங்டனில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் பல வருடம் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் குறைந்துபோனார்கள். வந்துகொண்டே இருந்தவர் எதிர்க்கட்சியான ரிபப்ளிகன் கட்சியின் அரிசோனா செனட்டர் ஜான் மெக்கெய்ன். புது உறுப்பினராகச் சபைக்குள் வந்த காலத்தில் கட்சி பார்க்காமல் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டவர் யூடால் என்பதை அவர் மறக்கவில்லை. அரிசோனா செய்தித்தாள் துணுக்குகளைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார், கட்டிலோரம் உட்கார்ந்து, "மோ, நான்தான் ஜான்" என்று எழுப்பிப் பார்ப்பார், கண் திறக்காவிட்டாலும் படித்துக் காட்டிவிட்டுத்தான் போவார். 1998 டிசம்பரில் யூடால் இறந்தார்.