அரைச் சம்பளம் யார் கைக்குப் போனது?

[திரையில்: கூடார வரிசை. 1783 மார்ச், நியூபர்க், நியூயார்க் மாநிலம்]

பிரிட்டனுடனான போர் முடியும் தறுவாயில் இருந்தது. அமெரிக்கப் படை அதிகாரிகளுக்கோ சம்பளமே நெடுநாள் பாக்கி. கடைசிவரை களத்தில் நிற்பவர்களுக்கு ஆயுள் முழுவதும் பாதிச் சம்பளம் என்று 1780-இல் அந்நாட்டின் சட்டமன்றமான காங்கிரஸ் வாக்களித்திருந்தது. அதுவும் போய்விடுமோ? முகாமில் ஒரு மொட்டைக் கடிதம் சுற்றியது. சமாதானம் வந்தாலும் ஆயுதத்தைக் கீழே வைக்காதீர்கள் என்று தூண்டியது.

[திரையில்: ஒரு மூக்குக் கண்ணாடி]

மார்ச் 15 அன்று அதிகாரிகளின் கூட்டத்துக்குப் படைத் தளபதி வாஷிங்டனே வந்தார். ஒரு கடிதத்தைப் படிக்கக் கண்ணாடியை மாட்டிக்கொண்டவர், உங்களுக்காக உழைத்து நரைத்தேன், இப்போது பார்வையும் மங்குகிறது என்ற பொருளில் ஏதோ சொன்னார். கலகம் அத்துடன் அடங்கியது.

ஒரே வாரத்தில் காங்கிரஸ் கணக்கை மாற்றியது. ஆயுள் அரைச் சம்பளத்துக்குப் பதிலாக ஐந்து ஆண்டு முழுச் சம்பளம்! ரொக்கமாக அல்ல, 6 சதவீத வட்டிக் கடன் பத்திரமாக. வரி விதிக்கும் அதிகாரமே இல்லாத காங்கிரஸிடம் ரொக்கம் ஏது?

சாதாரணச் சிப்பாய்க்கு 1778-இல் சொல்லப்பட்டது ஒரே ஒரு முறை 80 டாலர். கண்ணாடிக் கதையைச் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

[திரையில்: கை மாறும் பத்திரங்கள்]

பத்திரம் அடுப்பெரிக்காது. அதிகாரிகளும் சிப்பாய்களும் தங்களிடம் இருந்ததை வந்த விலைக்கு விற்றார்கள். ஊக வணிகர்கள் வாங்கிக் குவித்தார்கள். 1790-இல் நிதியமைச்சர் ஹாமில்டன், பத்திரம் இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே கடனைத் தீர்ப்போம் என்றார். வாங்கியவருக்குச் சந்தையின் உச்ச விலை, மிச்சம் முதலில் பெற்றவருக்கு என்று காங்கிரஸ் உறுப்பினர் மேடிசன் மன்றாடினார். விற்றது விற்றதுதான், முதல் சொந்தக்காரரைத் தேடிப் பிடிக்கவும் முடியாது, அரசின் மீதான நம்பிக்கையும் கெடும் என்றது மறுதரப்பு. நடைமுறையில் அது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர்களை விற்க வைத்ததே அந்த அரசின் தாமதம்தானே? மேடிசனின் யோசனை 36-க்கு 13 என்று தோற்றது.

[திரையில்: நீதிமன்ற மேசை, ஒரு முதியவர்]

1818-இல்தான் வறுமையில் வாடிய பழைய சிப்பாய்களுக்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் வந்தது; அதிகாரிகளுக்கு 20. விண்ணப்பங்கள் குவிந்ததும் அரசு மிரண்டது. வறுமையை நிரூபியுங்கள் என்று 1820-இல் இன்னொரு சட்டம். கிழவர்கள் நீதிமன்றத்துக்குப் போய், வீட்டிலிருக்கும் மாடு, பானை, நாற்காலி வரை விலையோடு எழுதிக் கொடுத்தார்கள்.

கடைசிவரை நின்ற அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் ஆயுள் முழுவதும் முழுச் சம்பளம் தரும் சட்டம் 1828-இல் வந்தது. நியூபர்க் கூட்டம் நடந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன.