மடலாடற்குழுவை எதில் படிப்பது?

நேயர்களுக்கு வணக்கம். ஒருவர் எழுதும் மடல் உறுப்பினர் எல்லோருக்கும் மின்னஞ்சலில் போய்ச் சேரும் குழுவையே மடலாடற்குழு என்கிறோம். மடலாடற்குழுக்களின் மடல்களை மின்னஞ்சல் பெட்டியில் வாங்கிப் படிப்பதா, ஆர்.எஸ்.எஸ். போன்ற செய்தியோடையாக, அதாவது புதியவற்றை இணையத்தளமே வரிசையாக வெளியிடும் பட்டியலாக, அதைத் திரட்டிக் காட்டும் மென்பொருளான திரட்டியில் படிப்பதா என்று கணினித் துறைக்கு வரும் இளைஞர்கள் கேட்பதுண்டு. அந்தக் குழுவில் நீங்கள் பேசப் போகிறீர்களா, கேட்க மட்டும் போகிறீர்களா என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

கேட்க மட்டும் என்றால் ஓடை நல்லது. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கருநிரலுக்கான முதன்மைக் குழுவில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மடல்கள் வரும். அவற்றைப் பெட்டிக்குள் விட்டால் வங்கியின் அறிவிப்பும் மின்கட்டண நினைவூட்டலும் அடியில் போய்விடும். அந்தக் குழுவின் காப்பகமே ஓடையும் தருகிறது. அதைப் படிக்க நம் முகவரியை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாமென்றால் நம் பக்கத்திலேயே நீக்கிவிடலாம்.

பேச வேண்டுமென்றால் மின்னஞ்சல்தான். ஒவ்வொரு மடலுக்கும் தனி அடையாளக் குறி உண்டு. பதில் எழுதும்போது மென்பொருள் அதைக் குறித்துக்கொள்வதால்தான் பதில்கள் ஓர் இழையாகக் கோக்கப்படுகின்றன. ஓடையில் படித்துவிட்டு அதே தலைப்பில் புதிய மடல் எழுதினால், அது பெரும்பாலும் இழைக்கு வெளியே தனியாக நிற்கும்.

இன்னொரு வேறுபாட்டை நான் எங்கு போனாலும் சொல்லுவேன், இங்கும் சொல்கிறேன். ஓடையில் பொதுவாக அண்மைய மடல்கள் சில மட்டுமே இருக்கும். மின்னஞ்சலோ ஒரு படியை, அதாவது நகலை, நம் கையிலேயே கொடுத்துவிடுகிறது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள், யாஹூ நிறுவனம் நடத்திய குழுச் சேவையான யாஹூ குழுமங்களில் நடந்தவை. இலக்கிய விவாதம், சண்டை, சமாதானம் எல்லாம் அங்கே மடல்களாகவே குவிந்தன. 2019 அக்டோபரில், பதிவேற்றிய உள்ளடக்கம் நீக்கப்படும் என்று யாஹூ அறிவித்தது. 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்களையே மூடிவிட்டது. இணையப் பக்கத்தில் மட்டும் படித்து வந்தவர்கள் உரிய காலத்தில் பதிவிறக்கியிராவிட்டால் அவர்களிடம் எதுவும் மிஞ்சியிராது. மடல்களைத் தம் பெட்டியில் வாங்கி, அழிக்காமல் விட்டவர்களிடமோ பழைய உரையாடல்கள் அப்படியே இருக்கும். ஆகவே, நாளைக்கும் வேண்டும் என்று தோன்றும் குழுவானால், பேசாவிட்டாலும் மின்னஞ்சலிலேயே வாங்குங்கள் என்பது என் கட்சி. இதை மறுபடியும் சொல்வதற்கு நேயர்கள் பொறுத்தருள வேண்டும்: படி நம்மிடம் இருக்க வேண்டும்.

பெட்டி நிரம்புமே என்பீர்கள். அதற்கு வழி உண்டு. நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குழு மடல்களில், அனுப்பியவர், வந்த வழி போன்ற விவரங்கள் கொண்ட, வழக்கமாகக் கண்ணில் படாத மேற்பகுதியில் பெரும்பாலும் ‘லிஸ்ட்-ஐடி’ என்ற, குழுவை அடையாளம் காட்டும் வரி இருக்கும். அதை வைத்து, மடல்களைப் பிரித்துவைக்கும் விதியான வடிகட்டியை மின்னஞ்சலில் அமைத்தால் மடல்கள் தாமாகவே தனிக் கோப்புறைக்குப் போய்விடும். மடலின் தலைப்பை நம்பி அமைக்காதீர்கள். யாராவது அதை மாற்றியதும் வடிகட்டி ஏமாந்துவிடும். நாளுக்கு ஒரு தொகுப்பாக மடல்களைப் பெறும் வசதியைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை. வணக்கம்.