அந்துப்பூச்சியின் உணர்கொம்புகள்

அவையோருக்கு வணக்கம். அந்துப்பூச்சியின் தலையில் நீளும் உணர்கொம்புகளைத் தடவிப் பார்க்கும் உறுப்புகள் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. அதற்கு மூக்காக இருப்பவையும் அவையே.

தலையோடு பொருந்திய தடித்த அடிக்கணு, அதன்மேல் ஒரு சிறுகணு, அதற்கும் மேலே பல துண்டங்களாக நீளும் சாட்டை என ஒவ்வொரு கொம்பும் மூன்று பகுதிகளால் ஆனது. பட்டுப்பூச்சியில் சாட்டையின் துண்டங்கள் இருபுறமும் கிளைவிடுவதால் கொம்பு சீப்பைப் போலத் தோன்றும். காற்றில் மணத்தை விடுவது பெண், அதைத் தேடிச் செல்வது ஆண் என்பதால், பல இனங்களில் ஆணின் கொம்பே அகன்றிருக்கிறது.

பலரும் இந்தச் சீப்பு வடிவத்தைப் பார்த்தே வியந்து நின்றுவிடுகிறார்கள். உண்மையான நுட்பம் அதன்மேல் உள்ள மயிர்களுக்குள் இருக்கிறது. ஆண் பட்டுப்பூச்சியின் ஒரு கொம்பில் ஏறத்தாழ 17,000 நீண்ட உணர்மயிர்கள் உண்டு. 1959ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் பூட்டனான்ட், சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து பிரித்து அடையாளம் கண்ட பாம்பிகால் என்னும் கவர்ச்சிப் பொருளை உணர்வதே இவற்றின் முதன்மையான வேலை. மயிர் ஒவ்வொன்றிலும் இரண்டு நரம்பணுக்கள் உள்ளன. ஒன்று பாம்பிகாலுக்கும், மற்றொன்று அதற்கு நெருங்கிய பாம்பிகேல் என்னும் வேறொரு சேர்மத்துக்கும் உரியது.

மெழுகு படர்ந்த மயிரின் மேற்பரப்பில் ஒட்டும் மூலக்கூறு, மிக நுண்ணிய துளைகளின் வழியே உள்ளே இறங்குகிறது. அங்கிருக்கும் நீர்மத்தில் அது எளிதில் கரையாது. ஆகவே ஒரு புரதம் அதைப் பற்றி நரம்பணுவின் ஏற்பியிடம் சேர்க்கிறது. வேலை முடிந்த மூலக்கூறு அங்கேயே தங்கிவிட்டால் அடுத்து வரும் மணத்தைப் பிரித்தறிய முடியாது என்பதால், நொதிகள் அதைச் சிதைத்துவிடுகின்றன. பெறுவதைப் போலவே துடைத்தெறிவதும் முகர்தலின் பாதி என்பேன். ஒரே ஒரு மூலக்கூறு கூட நரம்புத் துடிப்பை எழுப்பப் போதும். ஆயினும் ஆண் சிறகடித்துப் புறப்படுவதற்குப் பல மயிர்களின் துடிப்புகள் மூளையில் ஒன்றுசேர வேண்டும்.

செடிகளின் மணத்துக்குக் குட்டையான மயிர்களும், ஈரப்பதம், வெப்பம் ஆகியவற்றுக்கு வேறு உறுப்புகளும் உண்டு. மணத்தோடு தொடர்பே இல்லாத உறுப்பு ஒன்று சிறுகணுவுக்குள் இருக்கிறது. ஜான்ஸ்டன் உறுப்பு எனப்படும் அது, சாட்டையின் மெல்லிய அசைவையும் அளந்து பறத்தலைச் சீராக்குகிறது. மாண்டூகா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் சாட்டைகளை ஆய்வாளர்கள் வெட்டியபோது அது நிலைகுலைந்து மோதி விழுந்தது. வெட்டிய சாட்டைகளைப் பசையிட்டு ஒட்டியதும், அவற்றில் நரம்புத் தொடர்பு இல்லாதபோதும், மீண்டும் நன்றாகவே பறந்தது.